தையல்நாயகி மேனியில் மேய்ந்த மான்கள்

கடல் ஊருக்குள் வந்து போன அந்தக் கார்த்திகையில், புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் காலை, ஆலங்கோடி உப்பளத்தில் உப்புக் கூடை சுமக்கும் தையல்நாயகி குளித்துவிட்டு வந்து முதுகு அரிக்கிறது என்று சொல்ல, அவள் புருஷன் வைரக்கண்ணு உள்ளங்கையில் தேங்காயெண்ணெயை ஊற்றிக்கொண்டு அவளைத் திருப்பி உட்கார வைத்துப் பார்த்தபோது, முந்தாநாள் வரை ஒரு புள்ளிகூட இல்லாதிருந்த அந்த முதுகில் நாற்பத்து மூன்று மச்சங்கள் இருந்தன.

"என்னா புள்ள இது, முதுகு பூரா மச்சமா இருக்கு?"

"மழைத்தண்ணி ஒத்துக்கல போல இருக்கு. தேச்சு விடுங்க."

தேய்த்து விட்டான். அவளுக்கு நாற்பத்தாறு வயது, அவனுக்கு ஐம்பத்திரண்டு, ஒரே மகளைக் காரைக்காலில் கட்டிக் கொடுத்தாயிற்று, வீட்டுக் கூரை பறந்து போய் எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லை, தார்ப்பாய்க்குக் கீழே அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. மச்சத்தைப் பற்றி யோசிக்க யாருக்கும் பொழுதில்லை. ஆனாலும் வைரக்கண்ணு மறக்கவில்லை, ஏனென்றால் இருபத்தெட்டு வருஷமாக அவனுக்குத் தெரிந்த முதுகு அது. அந்த நாற்பத்து மூன்றில் எட்டு மட்டும் மிளகளவு பெரிதாகக் கறுத்திருந்தன என்பதையும் மற்றவை பழுப்பு என்பதையும் அவன் மனசில் வைத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் ஊருக்கே கஞ்சி காய்ச்சி ஊற்றியபோது, வனக்காவலர் செபஸ்தியான் முழங்கால் வரை சேறோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊருக்குக் கிழக்கே, காட்டுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் புல்வெளியில் வெளிமான்கள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வந்தன. ஆண் மான்கள் கறுப்பு, முறுக்கிய கொம்பு, பெட்டை பழுப்பு. அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் செபஸ்தியானின் வேலை.

"மூணு நாளா நடந்துட்டேன் அண்ணே. முந்நூறுக்கு மேல இருந்த மானு. அலை அடிச்சிக்கிட்டுப் போனது போக நாப்பத்து மூணுதான் மிச்சம்" என்றார்.

வைரக்கண்ணு கஞ்சித் தட்டைக் கீழே வைத்தான். "அதுல கறுப்பு எட்டா?"

"எட்டுதான். ஒங்களுக்கு யாரு சொன்னா?"

மறுநாள் காலை மச்சம் நாற்பத்திரண்டு. மதியம் செபஸ்தியான் வந்து, உப்பேறிய குளத்துத் தண்ணீரைக் குடித்து ஒரு பெட்டை மான் செத்துக் கிடக்கிறது என்றார். இப்படித்தான் விஷயம் தெரிந்தது. தெரிந்த பிறகு ஆலங்கோடி அதிகம் ஆச்சரியப்படவில்லை. கடலே வீட்டுக்குள் வந்து அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டுப் போன ஊரில், மான்கள் ஒரு பெண்ணின் முதுகில் ஒண்ட வந்ததில் என்ன அதிசயம் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். தேடித் தேடி இடம் பிடித்திருக்கின்றன, தையலு முதுகு நல்ல அகலமான முதுகுதான் என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் புயலுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்கள்.

ஆம்பளைகளுக்கு முதுகைக் காட்ட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டதால், வெள்ளிக்கிழமை தோறும் மூன்று பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணி வெளியே வந்து சொல்வது என்று ஊர் முடிவு செய்தது. டீக்கடைப் பலகையில் பஜ்ஜிக்கும் போண்டாவுக்கும் மேலே 'மான்' என்று எழுதி அந்த எண்ணைச் சாக்பீஸால் போட்டார்கள். வனச்சரக அதிகாரி மங்கையர்க்கரசி அம்மாள் ஜீப்பில் வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒரு மணி நேரம் எண்ணி, தையல்நாயகி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அறிக்கையில் 'நேரடிப் பார்வை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வைரக்கண்ணு மட்டும் யாரும் கேட்காமலே தினமும் எண்ணினான்.

ஒரு குட்டி பிறந்தால் அவளுக்குத் தெரியும். எறும்பு முத்தம் கொடுத்ததுபோல ஓரிடத்தில் சுருக்கென்று இருக்கும். உப்புக் கூடையோடு வரப்பில் பாதி வழியில் நின்று தானாகச் சிரிப்பாள். பின்னால் வருகிறவள் "குட்டியா?" என்பாள். "குட்டிதான்" என்பாள் இவள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கடுகளவில் ஒன்று புதிதாக இருக்கும்.

ஊர் தன் கூரையைச் சரிசெய்த கையோடு மான்களின் குளத்தைச் சரிசெய்தது. எஞ்சின் வைத்து உப்புத் தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி வெளியே கொட்டி, அடுத்த மழைக்கு வாயைத் திறந்து வைத்தார்கள். மழையும் பெய்தது, புல்லும் முழங்கால் உயரம் வந்தது, மச்சங்கள் அறுபதைத் தொட்டன. ஆனால் மாசி மாதம் குட்டிகள் நிறையப் பிறக்கத் தொடங்கியபோது, சாயங்காலம் வந்த கடுகு காலையில் இல்லாமல் போனது. தைத்த துணியிலிருந்து நூலை உருவுவதுபோல இருக்கிறது என்று சொல்லி அவள் அழுதாள். புல்லுக்குள் படுத்திருக்கும் குட்டிகளை நரிகள் தூக்குகின்றன என்றார் செபஸ்தியான். எப்போதும் தூக்குவதுதான் என்றும் சொன்னார். இரண்டாவதாகச் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

"நம்ம தையலு முதுகுல நரி வாய் வைக்கிறதா?" என்று ஊராட்சித் தலைவர் உத்திராபதி டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை; புயலில் தன் வீட்டுப் பத்தாயத்தைத் திறந்து ஊருக்கே நெல் அளந்தவர். அன்றைக்கே ஊர் திரண்டு போய், நரிவளைகளில் மிளகாய்ப் புகை போட்டு, அதிர்வேட்டு வெடித்து, தகரம் தட்டி, நரிகளைச் சேற்று வெளி தாண்டி மேற்கே விரட்டியது.

"அதுவும் காட்டு ஜீவன்தானே தலைவரே" என்று செபஸ்தியான் குறுக்கே வந்து பார்த்தார்.

"நீங்க ஒரு டீ சாப்பிடுங்க" என்றார் உத்திராபதி.

அதோடு நிற்கவில்லை. கோடையில் மான்கள் வாடக்கூடாது என்று புல்வெளி ஓரத்தில் நீளமாக ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து, தவிடும் புண்ணாக்கும் கரைத்து ஊற்றி, வைக்கோல் உதறிப் போட்டார்கள். யாருக்கு என்ன குறை! நூற்றுப் பத்து என்றது பலகை, அடுத்த வருஷம் இருநூறு என்றது, அதற்கடுத்த வருஷம் முந்நூற்று நாற்பது என்றது. மச்சங்கள் முதுகில் இடம் போதாமல் தோளேறி, கைகளில் இறங்கி, கழுத்தைச் சுற்றி, கன்னத்திலும் காது மடலிலும் வந்து உட்கார்ந்தன. கல்யாண வீடுகளில் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள், வளைகாப்பில் முதல் வளையலை அவள்தான் போட்டாள், பஸ் அவளுக்காக நிறுத்தம் இல்லாத இடத்திலும் நின்றது. கேழ்வரகு காயப்போட்ட களம் மாதிரி இருக்கிறாய் என்று வைரக்கண்ணு சொன்னான். அவள் வெட்கப்பட்டு முறத்தால் அவனை அடித்தாள்.

பிறகு அவளுக்குப் பசி வந்தது.

முதலில் ஒரு கை சோறு கூடுதலாகக் கேட்டாள். பிறகு ஒரு தட்டு. பிறகு வடித்த சோற்றை முழுவதும் தின்றுவிட்டு, ஏனத்தைக் கழுவி ஊற்றிய தண்ணீரையும் குடித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லங்க. உள்ளாற முந்நூறு வாய் தொறந்து கெடக்கு. நான் திங்கிறது எதுக்குப் பத்தும்?"

வைரக்கண்ணு அன்று மதியமே கிழக்கே நடந்து போய்ப் புல்வெளியைப் பார்த்தான். புல்வெளி என்று சொல்லும்படி அங்கே எதுவும் இல்லை. மொட்டையடித்த தலையில் இரண்டாம் நாள் முளைக்கும் மயிர் அளவுக்குக்கூடப் புல் இல்லை. பசியில் மான்கள் சீமைக்கருவேலங்காயைத் தின்று, போகிற இடமெல்லாம் புழுக்கை போட்டு, புழுக்கை விழுந்த இடமெல்லாம் முள் முளைத்து, இருந்த வெளியிலும் பாதியைக் கருவேலம் தின்றிருந்தது. மான்கள் அந்த வருஷம் நிலக்கடலைக் கொல்லைகளில் இறங்கின. கொல்லைக்காரர்கள் தடியோடு ஓடி வந்தார்கள், கல்லை ஓங்கினார்கள், ஓங்கிய கையோடு அப்படியே நின்று, இது தையலக்காவுக்கு எங்கே படுமோ என்று யோசித்து, கல்லைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவ்வளவு பிரியம் அந்த ஊருக்கு.

அடுத்த ஆடியில் மாடுகளுக்குக் கோமாரி வந்தது. மேய்ச்சல் இல்லாததால் ஊர் மாடுகளும் அந்தச் சிமெண்டுத் தொட்டியில்தான் வாய் வைத்தன, மான்களும் அதே தொட்டியில்தான் முட்டி மோதிக்கொண்டு வாய் வைத்தன. வாயில் நுரையும் குளம்பில் புண்ணுமாக நின்ற மாடுகளுக்கு மருந்து போட ஆள் இருந்தது, அவை ஒவ்வொன்றாக எழுந்துகொண்டன. ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்த மான்களுக்கு யார் மருந்து போடுவது? தையல்நாயகி காய்ச்சலில் விழுந்தாள். உதடு கொப்பளித்தது. ஒரு நாளைக்கு இருபது, முப்பது என்று மச்சங்கள் போயின. கன்னம் வெளுத்தது, கழுத்து வெளுத்தது, கைகள் வெளுத்தன. மழை கழுவியதுபோல அவள் சுத்தமாகிக்கொண்டே போவதைப் பார்த்து வைரக்கண்ணு வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதான். பதினோரு நாளில் மிச்சம் இருபத்தேழு. டீக்கடைக்காரர் பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் உச்சி வெயிலில், வைரக்கண்ணு உப்பளத்துக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சிமெண்டுத் தொட்டியை உடைக்க ஆரம்பித்தான். சத்தம் கேட்டு ஊர் ஓடி வந்தது.

"வைரக்கண்ணு, ஒனக்கு என்னா வந்துட்டு?" உத்திராபதி மூச்சு வாங்கியபடி கடப்பாரையைப் பிடித்தார். "மிச்சம் இருக்குற மானையும் பட்டினி போடச் சொல்றியா?"

"பாசமாத்தான் போட்டோம் தலைவரே, நானும்தான் தவிடு கரைச்சேன். புல்லு தாங்குற அளவுக்குத்தான் மானு இருந்துச்சு. நாம கூட்டிவச்சு ஊட்டுனோம், புல்லு போச்சு. ஒரே தொட்டியில அத்தன வாயையும் வைக்க விட்டோம், நோவு அங்கேயே குந்திக்கிட்டு ஒவ்வொண்ணாப் புடிச்சிட்டு." அவன் குரல் உடைந்தது. "மாட்ட வீட்டுல கட்டுங்க. முள்ள வெட்டுவோம். நரி வந்தா வரட்டும்."

நரி என்றதும் கூட்டம் சலசலத்தது.

"நரியா?"

"நரி இருந்திருந்தா நோவு கண்ட மொத மானையே தூக்கியிருக்கும். அந்த ஒண்ணோட போயிருக்கும்."

உத்திராபதி கடப்பாரையை விட்டுவிட்டார். தணிந்த குரலில் கேட்டார்: "இருவத்தேழுதான் இருக்கு. நரி வந்து அதுவும் போயிட்டா... அப்பறம் அவ?"

அதே கேள்வியைத்தான் வைரக்கண்ணுவும் பதினோரு நாளாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போது கூட்டம் விலகியது. எண்ணுகிற பெண்களில் இருவர் தாங்கிப் பிடிக்க, போர்வையைச் சுற்றிக்கொண்டு தையல்நாயகி வந்து நின்றாள்.

"எம்மேலதானே இருக்கு? என்னக் கேளுங்க" என்றாள். உதட்டுப் புண்ணால் மெதுவாகத்தான் பேச முடிந்தது. "நரி தூக்குனப்ப ஊசி குத்துனாப்ல இருந்துச்சு. அழுதேன், ஒங்களுக்குப் பொறுக்கல. ஆனா இந்தப் பசி இருக்கு பாருங்க, அது ஊசி இல்ல, அரிவாமணை. நரி வரட்டும் தலைவரே."

"நீ தாங்குவியா?"

"தாங்காட்டி என்னா பண்றது? அவரு இருக்காரு."

உத்திராபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரையை வாங்கி, தான் நின்று கட்டிய தொட்டியில் ஓங்கிப் போட்டார்.

ஆவணியும் புரட்டாசியும் ஊர் கருவேலம் வெட்டியது. வெட்டினால் துளிர்க்கும் என்று வேரோடு கெல்லி எடுத்தது. கையில் முள் ஏறாத ஆள் ஆலங்கோடியில் இல்லை. மாடுகள் கொட்டிலில் நின்றன. வேட்டுச் சத்தம் கேட்கவில்லை. தொட்டியை உடைத்த பத்தொன்பதாம் நாள் சாயங்காலம், மேற்கே சேற்று வெளிப் பக்கமிருந்து ஒரு நரி ஊளையிட்டது. இன்னொன்று பதில் கொடுத்தது. முள் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அரிவாளோடு அப்படியே நிமிர்ந்து நின்றார்கள். ஒருவரும் தகரத்தைத் தேடவில்லை.

மறுநாள் காலை இருபத்து நான்கு. பிறகு இருபது. பிறகு பதினேழு. கிழமும் நோயாளியும்தான் போகின்றன என்று செபஸ்தியான் தினமும் வந்து சொல்லிவிட்டுப் போனார். நரி எடுத்தது எல்லாமே நொண்டிய மான்தான் என்று தடயம் பார்த்துச் சொன்னார். வைரக்கண்ணு ஒவ்வொரு விடியலிலும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, விரலை வைக்கப் பயந்து, கண்ணாலேயே எண்ணினான். பதினான்கு என்ற எண்ணில் அது நின்றது. மறுநாளும் பதினான்கு. அதற்கு மறுநாளும் பதினான்கு. நாற்பது நாள் பதினான்கு. அந்த நாற்பது நாளில் அவனுக்கு மீதியிருந்த தலைமயிரும் நரைத்துப் போனது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு பெய்தது. முள் கெல்லிய குழிகளிலெல்லாம் புல் எட்டிப் பார்த்தது, பிறகு படர்ந்தது, பிறகு காற்றில் ஆடியது. தையல்நாயகி ஒரு நாள் அரைத் தட்டுச் சோற்றோடு போதும் என்று கையைக் கழுவினாள். வைரக்கண்ணு தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வயிறு நெறஞ்சிட்டுங்க" என்றாள். இரண்டு பேரும் வெகுநேரம் அந்த மிச்சச் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மாசியில் கடுகுகள் வந்தன. சில போயின, சில இருந்தன. போனபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இருந்தவை பழுப்பாயின, அவற்றில் கிடாக்கள் மிளகளவு கறுத்தன. நல்ல மழை வருஷத்தில் தொண்ணூறு, வறண்ட வருஷத்தில் அறுபது, மறுபடி எண்பது. ஏறும்போது நரிகளும் கொழுத்து ஏறின, இறங்கும்போது நரிகளும் மெலிந்து இறங்கின. ஆலங்கோடி குளத்தில் உப்பு ஏறாமல் பார்த்துக்கொண்டது, முளைக்கிற முள்ளைப் பிடுங்கியது, ஊர் நாய்களைக் கட்டிப் போட்டது, மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் அந்த ஊருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. எண்ணுகிற பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் வந்தார்கள். எண்ணாமல் ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்கள்.

தொட்டியை உடைத்த எட்டாம் வருஷம், அவள் வலது தோளில் புதிதாகக் கறுத்திருந்த ஒரு மச்சம் நகர ஆரம்பித்தது. முதல் நாள் மேல்கை, மூன்றாம் நாள் முழங்கை, ஒரு வாரத்தில் மணிக்கட்டு. வெள்ளிக்கிழமை மதியம் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது அது சுட்டுவிரல் நுனிக்கு வந்து, அங்கே கொஞ்சம் தயங்கி, இல்லாமல் போனது.

"செத்துட்டா?" வைரக்கண்ணு பதறினான்.

"செத்தா எனக்குத் தெரியாதா? இது பொறப்பட்டுப் போயிருக்கு."

செபஸ்தியான் வந்து ஆமாம் என்றார். "எளசு அண்ணி. பெரிய கெடா முட்டித் தள்ளியிருக்கும், இங்க இனிமே அதுக்கு எடம் இல்ல. உப்பளத்து ஓரமா வடக்க குளம்படி போவுது." அடுத்த மாதம் ஒரு பழுப்பு மச்சமும் அதே வழியில் தோளிலிருந்து இறங்கி, அதே விரல் நுனியில் விடைபெற்றது. பெண்ணைக் கட்டிக் கொடுத்தபோது பஸ் ஏற்றிவிட்டு நின்றாளே, அதே மாதிரி அன்றைக்கு வாசலில் வடக்கே பார்த்து நின்றாள்.

ஒன்பது மாதம் கழித்து, ஒரு பத்து மணி பஸ்ஸில், வடக்கே பன்னிரண்டு கல் தொலைவிலுள்ள தோப்புமுனையிலிருந்து ஜைத்தூன் என்றொரு பெண் வந்து இறங்கி, மச்சக்காரம்மா வீடு எது என்று விசாரித்து வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், பாய் முடைகிறவள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வந்த விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தாள், பிறகு இடது கையை நீட்டினாள். மணிக்கட்டில் இரண்டு மச்சங்கள் இருந்தன. ஒன்று மிளகளவு கறுப்பு. ஒன்று பழுப்பு.

"அக்கா, இது ஒங்க வீட்டுதா?"

தையல்நாயகி அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கட்டை விரலால் இரண்டையும் மெதுவாகத் தடவினாள், ரொம்ப நாள் கழித்து வந்த பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல.

"எங்க ஊருத் தரிசுல ரெண்டும் நிக்கிது" என்றாள் ஜைத்தூன். "ஒங்களுது, நான் வச்சிக்கக் கூடாது. வீட்டுக்காரர வுட்டு இந்தப் பக்கமா ஓட்டிவுடச் சொல்லவா?"

"வேணாம் தாயி. எடம் தேடித்தான் வந்திருக்கு. புல்லு இருக்கா?"

"இருக்கு."

"நல்ல தண்ணி?"

"அல்லாவோட கிருபையால இருக்கு. நரியும் இருக்குக்கா, அதான் பயமா இருக்கு. எங்க ஊருல எல்லாரும் தவிடு வைக்கலாம், தொட்டி கட்டலாம்னு ஒரே பேச்சு."

உள்ளே உலை பார்த்துக்கொண்டிருந்த வைரக்கண்ணு கரண்டியோடு வெளியே வந்துவிட்டான். அன்றைக்கு மதியம் வரை மூன்று பேரும் பேசினார்கள். நடந்தது எல்லாவற்றையும் சொன்னார்கள். பசியைச் சொன்னபோது தையல்நாயகி வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள், தொட்டியைச் சொன்னபோது வைரக்கண்ணு தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். இறால் குழம்பும் முருங்கைக்கீரையும் வைத்துச் சாப்பிட்டார்கள். ஜைத்தூன் போதும் போதும் என்று சொல்ல, வைரக்கண்ணு கேட்காமல் இன்னொரு கரண்டி போட்டான்.

மூன்று மணி பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டார்கள். பஸ் கிளம்பிப் பனைமரம் வரை போயிருக்கும். திடீரென்று உள்ளே ஒரு கூச்சல், பஸ் குலுங்கி நின்றது. ஜன்னலிலிருந்து வளையல் போட்ட ஒரு கை வெளியே நீண்டு ஆடியது. தையல்நாயகி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள், அவள் பின்னால் வைரக்கண்ணு ஓடினான்.

"சுருக்குன்னுச்சுக்கா! பாருங்க, பாருங்க!"

மணிக்கட்டில் கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவே, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் தெரிகிற அளவில், ஒரு கடுகு இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கமே எழுந்து வந்து எட்டிப் பார்த்ததில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆலங்கோடிக்காரரான கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், குனிந்தார், மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"அஞ்சு வயசு வரைக்கும் டிக்கெட் கெடையாது. பத்திரமா மடியில வச்சுக்கிட்டு ஒக்காரும்மா" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார்.